சவானாவில் கேட்கப்பட்ட ஒரு கேள்வி: அடிமைமுறைக் கால அமெரிக்காவில் சுதந்திரம் என்ற சொல்

1865 ஜனவரி 12, வியாழக்கிழமை மாலை. ஜார்ஜியா மாநிலத்தின் துறைமுக நகரான சவானாவில், பருத்தி வணிகர் ஒருவரின் மாளிகையில் இருபது கறுப்பினத்தவர் கூடியிருந்தனர். பெரும்பாலோர் தேவாலயப் போதகர்கள். உள்நாட்டுப் போரில், அடிமைமுறையைக் காக்கப் பிரிந்துபோன தென்மாநிலங்களிடமிருந்து நகரம் மூன்று வாரங்களுக்கு முன்புதான் வடபுலப் படையின் கைக்கு வந்திருந்தது. அந்த மாளிகை ஜெனரல் வில்லியம் ஷெர்மனின் தலைமையிடமாக இருந்தது. வாஷிங்டனிலிருந்து கப்பலில் வந்து இறங்கியிருந்த போர் அமைச்சர் எட்வின் ஸ்டான்டன் கேள்விகளைக் கேட்டார். பதில்கள் எழுத்தில் பதிவாயின. வந்தவர்களின் வயது, பிறந்த ஊர், விடுதலை பெற்ற விதம் ஆகியவையும் ஒவ்வொன்றாகக் குறிக்கப்பட்டன. ஐவர் பிறப்பிலேயே அடிமைகளாக இல்லாதவர்கள். மூவர் தங்களைத் தாங்களே விலை கொடுத்து வாங்கியவர்கள். மூவருக்கு எசமான் அல்லது எசமானியின் உயில் மூலம் விடுதலை கிடைத்திருந்தது. மற்ற ஒன்பது பேரும் வடபுலப் படை வரும்வரை அடிமைகளாகவே இருந்தவர்கள். அந்த ஒன்பதில் ஒருவரான வில்லியம் கெயின்ஸ், தென்மாநிலக் கூட்டமைப்பின் முதல் வெளியுறவு அமைச்சரான ராபர்ட் டூம்ஸுக்கும் அவருடைய சகோதரருக்கும் சொந்தமாக இருந்தவர்.

கூட்டத்தின் சார்பில் பேசத் தேர்ந்தெடுக்கப்பட்டவர் காரிசன் ஃப்ரேசியர். வயது 67. எட்டு ஆண்டுகளுக்கு முன்பு, 1857இல், தன்னையும் தன் மனைவியையும் ஆயிரம் டாலர் பொன்னும் வெள்ளியும் கொடுத்து மீட்டவர். அடிமைத்தனம் என்றால் என்னவென்றும், குடியரசுத் தலைவர் லிங்கனின் விடுதலைப் பிரகடனம் தரும் சுதந்திரம் என்றால் என்னவென்றும் நீங்கள் புரிந்துகொண்டிருப்பதைச் சொல்லுங்கள் என்று அவரிடம் கேட்கப்பட்டது. எதிர்த்து நிற்க முடியாத வலிமையைக் கொண்டு இன்னொரு மனிதனின் உழைப்பை அவன் சம்மதமில்லாமல் பெற்றுக்கொள்வதே அடிமைத்தனம் என்றார் அவர். தங்களை அந்த நுகத்தடியின் கீழிருந்து எடுத்து, தங்கள் உழைப்பின் பலனைத் தாங்களே அறுத்துக்கொள்ளவும், தங்களைத் தாங்களே பார்த்துக்கொள்ளவும், அந்தச் சுதந்திரத்தைக் காக்க அரசுக்குத் துணைநிற்கவும் கூடிய இடத்தில் வைப்பதுதான் சுதந்திரம் என்றார். உங்களை நீங்கள் எப்படிப் பார்த்துக்கொள்வீர்கள் என்ற அடுத்த கேள்விக்கு அவர் சொன்ன விடை இன்னும் சுருக்கமானது: நிலம் வேண்டும், அதை எங்கள் உழைப்பாலேயே உழுது பயிரிட வேண்டும்.

இந்தப் பதிலில் சவுக்கு இல்லை, சங்கிலி இல்லை. கிட்டத்தட்ட அறுபது ஆண்டுகள் அடிமையாக வாழ்ந்த ஒரு முதியவர், கொடுமைகளைப் பட்டியலிடாமல், உழைப்பு யாருடையது, அதன் பலன் யாரைச் சேர்கிறது, சம்மதம் இருந்ததா என்ற மூன்றை மட்டும் எடுத்து வைத்திருக்கிறார். நல்ல எசமான், கெட்ட எசமான் என்ற பேச்சுக்கே இதில் இடமில்லை. உணவும் உடையும் தாராளமாகக் கொடுத்தாலும் அது அடிமைத்தனம்தான். அதே தென்புலத்தில், அதற்கு முந்தைய நாலு ஆண்டுகளுக்குள்ளாக, சுதந்திரம் என்ற அதே சொல்லை வைத்துக்கொண்டு அடிமைமுறையைக் காக்க ஒரு நாடே நிறுவப்பட்டிருந்தது. இந்த முரணைப் போலித்தனம் என்று ஒரே சொல்லில் ஒதுக்கிவிடும் வழக்கம் உண்டு. போலித்தனம் இருந்தது உண்மைதான். ஆனால் தென்புல எசமானர்கள் தங்கள் சுதந்திரத்தைப் பற்றிப் பேசியபோது பெரும்பாலும் மனமறிந்து பொய் சொல்லவில்லை என்பதே என் கருத்து. அவர்கள் அந்தச் சொல்லால் வேறொரு பொருளைக் குறித்தார்கள். தமிழ் வாசகருக்கு இதைச் சொற்களைக் கொண்டே காட்டலாம். விடுதலை என்பது ஒரு பிடியிலிருந்து விடுபடுவது. சுதந்திரம் என்ற சொல்லுக்கோ இன்றைய பொருளோடு இன்னொரு பழைய பொருளும் இருந்தது: மிராசு முறை நிலவிய காலத்தில், களத்து நெல்லில் மிராசுதாருக்கும் ஊர் ஊழியருக்கும் பரம்பரையாகச் சேர வேண்டிய பங்குக்குச் சுதந்திரம் என்றே பெயர். ஃப்ரேசியர் பேசியது முதல் வகை. எசமானர்கள் பேசியது கிட்டத்தட்ட இரண்டாவது வகை, அதாவது பிறப்பால் வந்த உரிமைப் பங்கு.

ஜார்ஜியாவின் தொடக்க வரலாறு இதற்கு நல்ல சாட்சி. 1733இல் பிரிட்டிஷ் குடியேற்றமாகத் தொடங்கிய அந்த மண்ணில், லண்டனில் இருந்த அறங்காவலர்கள் 1735இல் அடிமைமுறையைத் தடை செய்தனர். இரக்கம் இதற்கு முதன்மைக் காரணமன்று. தெற்கே ஃப்ளோரிடாவில் எதிரியான ஸ்பெயின் இருந்தது. அடிமைகள் பெருகினால் அவர்கள் எல்லை தாண்டி எதிரியிடம் ஓடுவார்கள் என்ற பயம் இருந்தது. தம் கையால் உழுது, வேண்டும்போது துப்பாக்கி ஏந்தும் சிறு விவசாயிகளைக் கொண்ட எல்லைக்காவல் குடியேற்றமாக அதை அவர்கள் கற்பனை செய்திருந்தனர். ஆனால் ஆற்றுக்கு அக்கரையில் இருந்த தென் கரோலினாவில் நெல்வயல்களை அடிமைகளைக் கொண்டு பயிரிட்டவர்கள் செல்வம் குவிப்பதைச் சவானாக் குடியேறிகள் கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தார்கள். 1738 டிசம்பரில் 121 பேர் கையெழுத்திட்டு ஒரு மனு அனுப்பினார்கள். நிலத்தின் மீது தங்களுக்கு முழு உரிமை வேண்டும், கறுப்பின அடிமைகளை வைத்துக்கொள்ள அனுமதி வேண்டும் என்பவை அதன் கோரிக்கைகள். ஓர் ஆங்கிலேயனுக்கு இயல்பாக உள்ள உரிமைகள் தங்களுக்கு மறுக்கப்படுவதாக அவர்கள் வாதாடினார்கள். அடிமை வைத்துக்கொள்ள முடியாத நிலையைச் சுதந்திரக் குறைவாக அவர்கள் உணர்ந்தார்கள்.

அடுத்த மாதமே, 1739 ஜனவரியில், டேரியன் பகுதியில் குடியேறியிருந்த ஸ்காட்லாந்து மலைநாட்டவர் 18 பேர் எதிர்மனு ஒன்று கொடுத்தனர். ஒரு மனித இனத்தையும் அதன் சந்ததியையும் என்றென்றைக்கும் அடிமைத்தனத்துக்குத் தீர்ப்பளிப்பது மனித இயல்புக்கே அதிர்ச்சி தருவது என்றும், சுதந்திரம் நமக்கு எவ்வளவு அருமையோ அவர்களுக்கும் அவ்வளவு அருமையாகத்தான் இருக்கும் என்றும் அது சொன்னது. இந்த 18 பேரின் குரல் தோற்றது. 1751இன் தொடக்கத்தில் தடை நீங்கியது. ஒரு மாத இடைவெளிக்குள் இரண்டு கோணங்களும் தெளிவாக எழுதிவைக்கப்பட்டிருப்பதால், அந்தக் காலத்தில் யாருக்கும் வேறு விதமாகச் சிந்திக்கத் தெரியாது என்ற சமாதானம் இங்கே எடுபடாது.

பிரிட்டனுக்கு எதிரான போராட்டம் மூண்டபோது சொல்லின் பொருள் இன்னும் சிக்கலானது. தங்கள் சம்மதமில்லாமல் விதிக்கப்படும் வரியைக் குடியேற்றத் தலைவர்கள் அடிமைத்தனம் என்றே அழைத்தனர். அதை மிகைப்படுத்திய உவமை என்று மட்டும் கொள்ள முடியாது. அடிமைத்தனம் எப்படி இருக்கும் என்பது அவர்களுக்குத் தம் வீட்டுக் கொல்லையிலேயே தெரிந்திருந்தது. 1774 ஆகஸ்டில் ஜார்ஜ் வாஷிங்டன் ஒரு நண்பருக்கு எழுதிய கடிதத்தில், இப்போது எதிர்க்காவிட்டால், நாம் தன்னிச்சையாக ஆளும் கறுப்பர்களைப் போலவே நாமும் அடங்கிப்போன இழிந்த அடிமைகளாகிவிடுவோம் என்றார். ஆளும் கை தன்னுடையது என்பதை அவர் மறைக்கவில்லை. அந்த நிலைக்குத் தான் போய்விடக் கூடாது என்பதே அவருடைய கவலை. இதைக் கடலுக்கு அப்பாலிருந்து இரண்டு பேர் கவனித்தார்கள். நீக்ரோக்களை ஓட்டுகிறவர்களிடமிருந்தே சுதந்திரத்துக்கான மிகப் பெரிய கூச்சல் எழுவது எப்படி என்று ஆங்கில எழுத்தாளர் சாமுவேல் ஜான்சன் 1775இல் கேட்டார். அது கேலி. அதே ஆண்டு மார்ச்சில் எட்மண்ட் பர்க் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் சொன்னது விளக்கம்: ஏராளமான அடிமைகள் இருக்கும் இடத்தில், சுதந்திரமாக இருப்பவர்கள் தங்கள் சுதந்திரத்தில் மற்ற எவரையும்விட அதிகச் செருக்கும் அதை விட்டுக்கொடுக்காத விழிப்பும் கொண்டிருப்பார்கள், அவர்களுக்கு அது அனுபவிக்கும் ஒரு நன்மை மட்டுமல்ல, ஒரு பதவியும் சலுகையும் ஆகும். ஜான்சனின் வரிதான் பரவலாக மேற்கோளாகிறது. ஆனால் பின்னர் நடந்த முக்கால் நூற்றாண்டைப் புரிந்துகொள்ள உதவுவது பர்க்கின் வரி.

அடிமைகளும் அந்தப் போரைத் தங்கள் கணக்கில் பார்த்தார்கள். 1775 நவம்பரில், வர்ஜீனியாவின் பிரிட்டிஷ் ஆளுநர் டன்மோர் பிரபு, கலகக்காரர்களின் அடிமைகள் வந்து அரசுப் படையில் சேர்ந்தால் விடுதலை என்று அறிவித்தார். சுதந்திரப் போர் வீரர்களாகத் தங்களைக் கருதிய எசமானர்களுக்கு அது கொடுங்கோன்மையின் உச்சம். அவர்களுடைய அடிமைகளுக்கோ பிரிட்டிஷ் முகாமே சுதந்திரத்தின் வாசல். 1778 டிசம்பரில் பிரிட்டிஷ் படை சவானாவைப் பிடிக்க, சதுப்புநிலத்தின் ஊடே மறைவான பாதையைக் காட்டிக்கொடுத்தவர் குவாமினோ டோலி என்ற அடிமை.

அந்தக் காலச் சவானாவின் கறுப்பின பாப்டிஸ்ட் போதகர்கள் மூவரின் வாழ்க்கை மூன்று வழிகளில் பிரிந்தது. ஜார்ஜ் லைல் பிரிட்டிஷ் படை வெளியேறியபோது ஜமைக்காவுக்குப் போனார். விடுதலை பெற்றவர்தான் என்றாலும், வாங்கிய கடனுக்கு ஈடாக ஒப்பந்த வேலைக்காரராகவே கப்பலேறினார். டேவிட் ஜார்ஜ் கனடாவின் நோவா ஸ்கோஷியாவுக்குப் போய், அங்கிருந்து ஆப்பிரிக்காவின் சியரா லியோனில் குடியேறினார். ஆண்ட்ரூ பிரையன் மட்டும் சவானாவிலேயே தங்கினார். பிரசங்கம் செய்ததற்காகச் சவுக்கடி பட்டார். பிறகு தன்னை விலைகொடுத்து மீட்டு, பெரிய சபை ஒன்றைக் கட்டி எழுப்பினார். 1800 டிசம்பரில் அவர் இங்கிலாந்துக்கு எழுதிய கடிதத்தில் நகரில் தனக்கு வீடும் மனையும் இருப்பதையும், ஊருக்கு வெளியே 56 ஏக்கர் நிலம் இருப்பதையும், அவற்றோடு எட்டு அடிமைகள் இருப்பதையும், அவர்களின் நலனைத் தன்னால் கவனித்துக்கொள்ள முடிவதையும் நன்றியோடு குறிப்பிடுகிறார். இந்த வரியைப் படித்ததும் சற்று நிறுத்தி மீண்டும் படிக்கத் தோன்றுகிறது. அந்த எட்டுப் பேர் எந்த நிலையில் அவரிடம் இருந்தார்கள் என்பதைக் கடிதம் விரிக்கவில்லை. ஆனால் சொத்துள்ளவனே சுதந்திரன் என்ற அந்த மண்ணின் அளவுகோல், அதனால் சவுக்கடி பட்ட ஒருவரின் பேனாவிலும் இடம்பிடித்திருந்தது என்பதை அது காட்டுகிறது.

வடக்கே நிலைமை வேறாகத் திரும்பியது. எல்லா மனிதரும் சுதந்திரமாகவும் சமமாகவும் பிறந்தவர்கள் என்று 1780ஆம் ஆண்டின் மாசசூசெட்ஸ் அரசியலமைப்பு சொன்னதைக் கேள்விப்பட்ட ஒரு அடிமைப் பெண், அது தன்னையும் குறிக்குமா என்று நீதிமன்றத்தில் கேட்டார். 1781இல் வழக்கில் வென்று எலிசபெத் ஃப்ரீமன் என்று பெயர் வைத்துக்கொண்டார். அரசியலமைப்பை எழுதியவர்கள் நினைத்ததைவிட அவர் அதை நேராகப் படித்தார் என்றுதான் சொல்ல வேண்டும். ஆனால் 1787இல் உருவான கூட்டாட்சி அரசியலமைப்பு, அடிமை என்ற சொல்லை ஓரிடத்திலும் எழுதாமலேயே, தப்பியோடியவரைத் திருப்பி ஒப்படைக்கும் கடமையையும், அடிமைகளை ஐந்தில் மூன்று பங்காக மக்கள்தொகையில் எண்ணும் ஏற்பாட்டையும் உள்ளே வைத்திருந்தது.

1830களுக்குப் பிறகு தென்புல வாதத்தின் தொனி மாறியது. முந்தைய தலைமுறை அடிமைமுறையைத் தவிர்க்க முடியாத தீமை என்று முனகியது. 1837இல் செனட்டர் ஜான் கால்ஹூன் அதை ஒரு நன்மை என்றே அறிவித்தார். 1858 மார்ச்சில் தென் கரோலினாவின் செனட்டர் ஜேம்ஸ் ஹேமண்ட் ஒரு படி மேலே போனார். எந்தச் சமூகத்திலும் இழிவான வேலைகளைச் செய்ய ஒரு அடித்தட்டு வேண்டும், அதன் மேல்தான் நாகரிகம் எழும் என்றார். வடக்கின் கூலித்தொழிலாளிகளும் உண்மையில் அடிமைகளே, எங்களுடையவர்கள் வாழ்நாள் முழுவதற்கும் அமர்த்தப்பட்டவர்கள் என்பதுதான் வேறுபாடு என்றார். வர்ஜீனியாவைச் சேர்ந்த ஜார்ஜ் ஃபிட்ஸ்ஹியூ என்ற வழக்கறிஞர் இதைக் கோட்பாடாகவே விரித்தார்: ஆதரவற்றவனுக்குச் சுதந்திரம் என்பது பட்டினி கிடக்கும் சுதந்திரம், கூலிக்காரனுக்கு எசமான் உண்டு, ஆனால் அந்த எசமானுக்குப் பொறுப்பு இல்லை.

அடிமையே இல்லாத வெள்ளையர் இதை ஏன் ஏற்றார்கள்? ஜார்ஜியாவில் 1860இல் ஏறத்தாழ 10,57,000 மக்கள். அவர்களில் 4,62,000க்கும் மேற்பட்டோர் அடிமைகள். வெள்ளைக் குடும்பங்களில் பெரும்பான்மைக்கு ஓர் அடிமைகூடக் கிடையாது. அந்தப் பெரும்பான்மைக்காகவே ஆளுநர் ஜோசப் பிரவுன் 1860 டிசம்பரில் ஒரு பகிரங்கக் கடிதம் எழுதினார். இங்கே ஏழை வெள்ளைத் தொழிலாளி கீழ்ப்பட்ட வகுப்பைச் சேர்ந்தவன் அல்லன். வெள்ளை மனிதன் என்ற ஒரே உண்மையான பிரபுகுலத்தைச் சேர்ந்தவன் என்பது அதன் சாரம். பர்க் சொன்ன பதவியும் சலுகையும் ஏழைக்கும் பங்கிட்டுக் கொடுக்கப்பட்டது. மூன்று மாதங்கள் கழித்து, 1861 மார்ச் 21 அன்று, தென்மாநிலக் கூட்டமைப்பின் துணைத் தலைவர் அலெக்சாண்டர் ஸ்டீபன்ஸ் சவானாவில் கூடிய பெருங்கூட்டத்தில் அதைப் பூசிமெழுகாமல் சொன்னார்: எங்கள் புதிய அரசின் மூலைக்கல், நீக்ரோ வெள்ளையனுக்குச் சமமானவன் அல்லன், மேலான இனத்துக்கு அடங்கியிருப்பதே அவனுடைய இயல்பான நிலை என்ற பெரிய உண்மையின் மேல் நிற்கிறது. காரிசன் ஃப்ரேசியர் அப்போது சவானாவில் இருந்தாரோ இல்லையோ, நாலு ஆண்டுகள் கழித்து அவர் மறுமொழி சொன்னது இந்த ஊரில்தான்.

வடக்கு பேசிய சுதந்திரம் வேறு. அங்கே அதன் அடையாளம் ஒப்பந்தம். ஒரு மனிதன் தன் உழைப்பைத் தானே விற்கலாம், பிடிக்காவிட்டால் விலகலாம், சேமிக்கலாம். கையில் காசில்லாமல் தொடங்குகிறவன் சில காலம் கூலிக்கு உழைத்து, மீதம் பிடித்து, நிலமோ கருவியோ வாங்கி, பிறகு தனக்காக உழைத்து, கடைசியில் இன்னொருவனை வேலைக்கு வைத்துக்கொள்கிறான் என்று 1859இல் ஆபிரகாம் லிங்கன் விஸ்கான்சினில் வரைந்து காட்டினார். இண்டியானா மாநில விவசாயிகளின் நடுவே வளர்ந்தவருக்கு இது மெய்யாகவே தோன்றியிருக்கும். மாசசூசெட்ஸ் மாநிலத்தின் லோவெல் நூற்பாலைகளில் பன்னிரண்டு மணி நேரத்துக்கும் மேல் உழைத்த இளம்பெண்களுக்கு அவ்வளவு மெய்யாகத் தோன்றவில்லை. 1836இல் வேலைநிறுத்தம் செய்தபோது, அடிமையாக மாட்டோம் என்று அவர்கள் பாடிக்கொண்டே தெருவில் நடந்தனர். அவர்கள் நூற்ற பருத்தியை எடுத்தவை தென்புல அடிமைகளின் கைகள். கூலி அடிமைத்தனம் என்ற சொல் வடக்கில் இப்படித்தான் புழங்கியது. தென்புல எசமானர்கள் அதைக் கடன் வாங்கி, தங்கள் அடிமைமுறைக்கு வக்காலத்தாக ஆக்கிக்கொண்டார்கள். ஆலைப் பெண்ணை அவளுடைய குழந்தையிடமிருந்து பிரித்து ஏலத்தில் விற்க முடியாது என்ற ஒன்றை மட்டும் அந்த வாதம் வசதியாக மறந்தது.

ஏலம் என்பது சவானாவுக்கு வெறும் சொல்லாக இருக்கவில்லை. 1859 மார்ச் 2, 3 ஆகிய நாள்களில், நகருக்கு வெளியே இருந்த குதிரைப் பந்தயத் திடலில், பியர்ஸ் பட்லர் என்ற எசமானின் கடனை அடைக்க நானூறுக்கும் மேற்பட்டோர் விற்கப்பட்டனர். இரண்டு நாளும் மழை. மொத்த வசூல் 3,03,850 டாலர். விற்பனை முடிந்ததும் பட்லர், நாணயச் சாலையிலிருந்து புதிதாக வந்த கால் டாலர் காசுகளை இரண்டு பைகளில் வைத்துக்கொண்டு, விற்கப்பட்ட ஒவ்வொருவருக்கும் நாலு காசு வீதம் கொடுத்து விடைபெற்றார். தான் கருணையுள்ள எசமான் என்ற நம்பிக்கை அவருக்குக் கடைசிவரை இருந்திருக்கும்.

அதே நகரத்தின் தெருவில் சுதந்திரம் என்பது மணிக்கணக்கில் அளக்கப்பட்டது. சவானாவில் வளர்ந்து, பின்னர் வடபுலப் படையின் கறுப்பினப் பிரிவோடு பணியாற்றிய சூசி கிங் டெய்லர் தன் சிறுவயதை நினைவுகூர்ந்திருக்கிறார். அடிமைகளுக்கு எழுத்தறிவிப்பது சட்டவிரோதம். எனவே இருபத்தைந்து முப்பது குழந்தைகள், காவலர் கண்ணில் படாமல் இருக்கப் புத்தகங்களைக் காகிதத்தில் சுற்றிக்கொண்டு, ஒரு கறுப்பின விதவையின் வீட்டுக்குப் படிக்கப் போனார்கள். இரவு ஒன்பது மணிக்கு மணி அடிக்கும். அதன்பின் அனுமதிச் சீட்டு இல்லாமல் தெருவில் அகப்படும் கறுப்பினத்தவர் காவல் கொட்டடியில் இரவைக் கழித்து, காலையில் எசமான் அபராதம் கட்டிய பின்பே வெளியே வர முடியும். எழுதக் கற்ற சிறுமி தன் பாட்டிக்கு அந்தச் சீட்டைத் தானே எழுதிக் கொடுத்தாள்: தேதி, ஒன்பது முதல் பத்தரை வரை செல்ல விடவும் என்ற ஒரு வரி, அடியில் எசமானின் பெயர். ஒன்றரை மணி நேர நடமாட்டம். எழுத்து தெரிந்திருப்பதும் சுதந்திரமாக இருப்பதும் ஒன்றுக்கொன்று எவ்வளவு நெருக்கம் என்பதை அவர்களுக்கு யாரும் கோட்பாடாக விளக்க வேண்டியிருக்கவில்லை.

ஃப்ரேசியர் நிலத்தைச் சொன்னதற்கு ஒரு தனிக் காரணமும் உண்டு. தென் கரோலினா, ஜார்ஜியா கடற்கரை நெல்வயல்களில், விடியலிலிருந்து இருட்டும்வரை கங்காணியின் கண்ணெதிரே கூட்டமாக உழைக்கும் முறைக்குப் பதிலாக, அளந்து விட்ட வேலை என்ற முறை நிலவியது. ஒருவருக்கு ஒரு நாளைக்கு இவ்வளவு என்று, கொத்துவதானால் பெரும்பாலும் கால் ஏக்கர், அளந்து விடப்படும். அதை முடித்துவிட்டால் மீதி நேரம் அவருடையது. அந்த மீதி நேரத்தில் அவர்கள் தோட்டம் போட்டார்கள், கோழியும் பன்றியும் வளர்த்தார்கள், மீன் பிடித்தார்கள், விளைந்ததை விற்றார்கள். சிலர் மாடும் குதிரையும்கூட வைத்திருந்தார்கள். சட்டத்தின் கண்ணில் எதுவும் அவர்களுக்குச் சொந்தமில்லை, ஆனால் எது யாருடையது என்பது ஊருக்குத் தெரியும். சவானாவுக்குத் தெற்கே உள்ள லிபர்ட்டி மாவட்டம், அதாவது சுதந்திரத்தின் பெயரையே கொண்ட மாவட்டம், புரட்சிக் காலத் தேசபக்தியைப் பாராட்டி 1777இல் அப்பெயர் பெற்றது. உள்நாட்டுப் போருக்குப் பின் அங்கே முன்னாள் அடிமைகள் பலர், படையினர் எடுத்துச் சென்ற தங்கள் பன்றிகளுக்கும் நெல்லுக்கும் ஈடு கேட்டு அரசிடம் முறையிட்டார்கள். நாளின் கடைசி இரண்டு மூன்று மணி நேரத்தில் தனக்காக உழைப்பது எப்படி இருக்கும் என்று ருசி பார்த்தவர்கள் அவர்கள். நாள் முழுவதும் அப்படி இருப்பதையே அவர்கள் சுதந்திரம் என்றார்கள்.

வெளியே கூலிக்குப் போய் உழைத்த அடிமைகளின் அனுபவமும் அதே பாடத்தைச் சொன்னது. பின்னாளில் அடிமை ஒழிப்பு இயக்கத்தின் புகழ்பெற்ற பேச்சாளரான ஃப்ரெடரிக் டக்ளஸ், அடிமையாக இருந்தபோது பால்டிமோர் கப்பல்துறையில் உழைத்து வாரக் கூலியை எசமானிடம் கொண்டுபோய்க் கொடுப்பார். ஆறு டாலர் கொடுத்த நாளில் எசமான் சில காசுகளைத் திருப்பித் தருவார், ஊக்கப்படுத்துவதற்காக. முழுவதும் தன்னுடையது என்ற உரிமையை ஒப்புக்கொள்வது போல அந்தக் காசுகள் தனக்குப் பட்டதாக டக்ளஸ் எழுதினார். எசமானின் தாராளம் அவருக்கு வாக்குமூலமாக ஒலித்தது. 1838இல் தப்பிய அவரை, 1846இல் பிரிட்டிஷ் நண்பர்கள் பணம் கொடுத்துச் சட்டப்படி மீட்டபோது, அடிமை ஒழிப்பாளர் சிலர் கண்டித்தனர்: விலை கொடுப்பது உடைமையை ஒப்புக்கொள்வதாகும் என்றார்கள். கொள்கை சரிதான். பிடித்துக்கொண்டு போகப்படும் ஆபத்து அவர்களுக்கு இல்லை.

போர் நான்காம் ஆண்டில் இருந்தபோது, 1864 ஏப்ரல் 18 அன்று பால்டிமோரில் லிங்கன் இந்தக் குழப்பத்தை நேரடியாகப் பேசினார். எல்லோரும் சுதந்திரம் என்கிறோம், ஒரே பொருளில் சொல்வதில்லை என்றார். மேய்ப்பன் ஆட்டின் கழுத்திலிருந்து ஓநாயை விரட்டுகிறான். ஆடு அவனை விடுதலை தந்தவன் என்று நன்றி சொல்கிறது. ஓநாய் அதே செயலுக்காகச் சுதந்திரத்தை அழித்தவன் என்று ஏசுகிறது, அதுவும் ஆடு கறுப்பாக இருந்தால் கேட்கவே வேண்டாம். அழகான உவமை. ஆனால் விரட்டியபின் ஆடு எங்கே மேயும், புல்வெளி யாருடையது என்பதை அது சொல்வதில்லை. அந்த ஆண்டின் டிசம்பர் 9 அன்று, சவானாவை நோக்கிச் சென்ற ஷெர்மனின் படைப்பிரிவு ஒன்று, எபனீசர் ஓடையைக் கடந்ததும் மிதவைப் பாலத்தைச் சுருட்டிக்கொண்டது. பின்தொடர்ந்து வந்த விடுதலையான மக்கள் அக்கரையில் விடப்பட்டனர். எதிரிக் குதிரைப்படைக்கு அஞ்சித் தண்ணீரில் குதித்தவர்களில் பலர் மூழ்கி இறந்தனர். ஸ்டான்டன் சவானாவுக்கு வந்ததன் பின்னணியில், ஷெர்மனின் படை கறுப்பினத்தவரை நடத்தும் விதம் பற்றி வடக்கில் எழுந்த முணுமுணுப்பும் இருந்தது.

அந்த மாலையின் நான்காம் கேள்விக்கு மட்டும் இருபது பேரும் ஒரே குரலில் பேசவில்லை. வெள்ளையரிடையே கலந்து வாழ விருப்பமா, தனியாகவா என்று கேட்கப்பட்டது. தனியாகவே விரும்புகிறேன், தெற்கில் எங்கள் மீதுள்ள வெறுப்பு மறையப் பல ஆண்டுகள் ஆகும் என்றார் ஃப்ரேசியர். பால்டிமோரில் அடிமையல்லாதவராகப் பிறந்து, இரண்டே ஆண்டுகள் தெற்கில் இருந்த 26 வயது ஜேம்ஸ் லிஞ்ச் மட்டும் பிரிந்து வாழக் கூடாது என்றார். மற்ற அனைவரும் ஃப்ரேசியரின் பக்கம். சமத்துவம் என்பதைக் கலந்து வாழ்வதாக லிஞ்ச் பார்த்தார். எசமானின் கண்ணுக்கும் கைக்கும் எட்டாத தொலைவாக மூத்தவர்கள் பார்த்தார்கள். அடுத்த நூறாண்டுக்கு அமெரிக்கக் கறுப்பின அரசியலில் ஓயாமல் நடந்த விவாதம் இது.

நாலே நாளில், ஜனவரி 16 அன்று, ஷெர்மனின் 15ஆம் எண் சிறப்புக் கள ஆணை வெளிவந்தது. தென் கரோலினாவின் சார்ல்ஸ்டனிலிருந்து ஃப்ளோரிடாவின் செயின்ட் ஜான்ஸ் ஆறுவரை, கடலோரத் தீவுகளும் கரையிலிருந்து முப்பது மைல் உள்ளே வரையிலான கைவிடப்பட்ட நெல்வயல்களும் கறுப்பினக் குடும்பங்களுக்கு ஒதுக்கப்பட்டன. ஒரு குடும்பத்துக்கு 40 ஏக்கருக்கு மிகாமல். இருபதில் ஒருவரான யுலிசஸ் ஹூஸ்டன், ஒரு மாதத்துக்கு முன்புவரை அடிமையாக இருந்தவர், தன் மக்களை அழைத்துக்கொண்டு ஸ்கிடவே தீவில் குடியேறினார். ஜூன் மாதத்துக்குள் ஏறத்தாழ 40,000 பேர் நாலு லட்சம் ஏக்கரில் குடியேறியிருந்தனர். ஆனால் ஆணை தந்தது அனுபவ உரிமைதான். முழுப் பட்டா தருவது பின்னர் அரசின் முடிவுக்கு விடப்பட்டிருந்தது.

லிங்கன் கொல்லப்பட்டபின் பதவியேற்ற ஆண்ட்ரூ ஜான்சன் மே மாதம் பொதுமன்னிப்பு அறிவித்தார். மன்னிக்கப்பட்ட எசமானர்கள் நிலத்தைத் திரும்பக் கேட்டனர். அடிமைகளைத் தவிர மற்ற உடைமைகள் அவர்களுக்குத் திரும்பும் என்று அந்த அறிவிப்பே சொன்னது. முன்னாள் அடிமைகளுக்காக அமைக்கப்பட்ட அரசுப் பணியகமும் வடபுலச் சுதந்திரத்தின் மொழியில்தான் பேசியது: ஆண்டு ஒப்பந்தத்தில் கையெழுத்திடுங்கள், கூலிக்கு உழையுங்கள், சேமியுங்கள், பிறகு வாங்குங்கள். மிசிசிப்பி மாநிலம் அந்த ஆண்டு நவம்பரில் இதை வேறு விதமாகப் படித்தது. ஒவ்வொரு ஜனவரியிலும் வேலைக்கான எழுத்துச் சான்று கையில் இருக்க வேண்டும். ஒப்பந்தக் காலம் முடியுமுன் விலகினால் பிடித்துக் கொண்டுவரலாம். நகரங்களுக்கு வெளியே கறுப்பினத்தவர் நிலத்தைக் குத்தகைக்கு எடுக்கக் கூடாது. டிசம்பரில் நிறைவேறிய 13ஆம் திருத்தம் அடிமைமுறையை ஒழித்தது, குற்றத்துக்கான தண்டனையாக விதிக்கப்படுவதைத் தவிர.

அதற்கு முன்பே, அந்த ஆண்டு அக்டோபரில், தென் கரோலினாவின் எடிஸ்டோ தீவுக்குப் பணியகத்தின் தலைவர் ஜெனரல் ஆலிவர் ஹோவர்ட் நேரில் போனார். நல்ல மனிதர், பக்திமான், போரில் வலக்கையை இழந்தவர். தேவாலயத்தில் கூடிய மக்களிடம், நிலம் பழைய எசமானர்களுக்கே போகிறது, அவர்களை மன்னித்து, அவர்களோடு ஒப்பந்தம் செய்துகொள்ளுங்கள் என்று சொல்ல வேண்டிய வேலை அவருக்கு. அந்த மக்கள் மூன்று பேர் கொண்ட குழுவைத் தேர்ந்தெடுத்து, எழுத்துப்பிழைகளோடு ஒரு பதில் எழுதினார்கள். நீங்கள் போரில் உங்கள் வலக்கையை மட்டும் இழந்தீர்கள், நீங்கள் மன்னிக்கலாம் என்றது அது. என்னை மரத்தில் கட்டி 39 கசையடி கொடுத்தவன். என் தாயையும் சகோதரியையும் ஆடை களைந்து அடித்தவன். தன் பயிரை நட்டுத் தந்து தன் விலைக்கு ஒப்புக்கொண்டால் ஒழியத் தன் வெற்றுக் குடிசையில்கூட என்னைத் தங்க விடாதவன். எனக்கென்று நிலம் இருந்தால் நான் அவன் பக்கமே போக மாட்டேன் என்று நன்றாகத் தெரிந்து, எனக்கு நிலம் கிடைக்காதபடி மற்றவர்களோடு கூடிக்கொள்கிறவன். அந்த மனிதனை என்னால் அவ்வளவு எளிதில் மன்னிக்க முடியாது.